இரண்டு மணித் தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

கடல் ஆராய்ச்சி நிலையத்துக் கார்குழலி மேடம் இன்று மூன்று சாமான் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு தெர்மாமீட்டர், கயிறு கட்டிய வெள்ளைத் தட்டு, இந்த நோட்டு. எங்கள் கரையில் கடல்பாசி வளர்க்கிற முப்பத்தெட்டுப் பெண்களில் என்னைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். ஒன்பதாவது வரை படித்தவள், கையெழுத்தும் புரியும்படி இருக்கும் என்பதால்.

வேலை பெரிதில்லை. காலை எட்டு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் பாசிக் கயிறு கட்டிய மூங்கில் தெப்பங்களுக்கு நடுவில் நின்று, தெர்மாமீட்டரை முழங்கை ஆழத்தில் பிடித்து அறுபது எண்ண வேண்டும். தட்டை இறக்கி எத்தனை அடியில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் போனில் எங்கள் குழுவுக்குப் போட வேண்டும். நோட்டில் என்ன எழுத என்று கேட்டேன்.

"காத்து, மேகம், தண்ணி நிறம். மனசுல படுறது எதுனாலும் எழுதுங்க, செபஸ்தியக்கா" என்றார்.

காலை 27.4. மதியம் 28.6. தட்டு நாலடியில் மறைந்தது. வாடைக்காற்று.

மார்ச் 6, வியாழன்

மேடம் எல்லாரையும் வலை கட்டுகிற கொட்டகைக்குக் கூப்பிட்டு ஒரு வேடிக்கை காட்டினார். கண்ணாடிப் பாட்டிலில் கடல் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஒரு கை பாசியைப் போட்டு வெயிலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பாசி மேலெல்லாம் குட்டிக் குட்டிக் குமிழி. ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்தது. ஒரு நிமிடத்துக்கு நாற்பது எண்ணினோம். நிழலுக்குக் கொண்டுபோனதும் பத்து, பன்னிரண்டு.

"பாசி வெயில வச்சுத்தான் தனக்குச் சாப்பாடு சமைக்குது. சமையல் நடக்குதுன்னு காட்டுறதுதான் இந்தக் குமிழி" என்றார் மேடம்.

"அப்ப வெயில் கூடினா நல்லதுதானே?" என்று கேட்டாள் இருளாயி. என் தெப்பங்களுக்கு அடுத்த தெப்பங்கள் அவளுடையவை. எட்டு வருடமாக ஒன்றாகத் தண்ணீரில் நிற்கிறோம்.

மேடம் பாட்டிலைச் சுற்றி வெந்நீர் ஊற்றினார். முதலில் குமிழி வேகமாக வந்தது. எல்லாரும் சிரித்தோம். இன்னும் ஊற்றினார். குறைந்தது. பிறகு நின்றே போனது.

"வெளிச்சமும் வேணும், சூடும் வேணும். ஆனா ஒரு அளவுதான். மதியத் தண்ணி முப்பத்திரண்டத் தாண்டி ரெண்டு நாள் நின்னா சமையல் நின்னுரும். உடம்புல இருக்கிறதையே தின்னு வெளுத்துப் போகும். காத்தில்லாம, தண்ணி அசையாமக் கெடந்தா இன்னும் மோசம். பாசி இழுக்கிற காத்தும் சத்தும் ஓட்டத்துலதான் வருது. அதனால முப்பத்திரண்டுன்னு குழுவுல வந்தா யோசிக்காதீங்க. கல்லக் கட்டித் தெப்பத்த ரெண்டு முழம் இறக்குங்க, இல்லாட்டி ஓட்டம் உள்ள பக்கம் இழுத்துட்டுப் போங்க."

போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "காலைக் கணக்கு விட்டாக்கூடப் பரவாயில்லக்கா. ரெண்டு மணிக் கணக்க விட்டுராதீங்க."

மார்ச் 11, செவ்வாய்

புது விதைப்பாசி கட்டி முடிந்தது. பதினெட்டுத் தெப்பம். நைலான் கயிறு இழுத்து இரண்டு விரலும் வெந்துபோயிருக்கின்றன.

பங்குக் கோயிலிலிருந்து குடும்பக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாள். "இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். நான் அடுப்படியில் நின்றேன். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

காலை 27.9. மதியம் 29.

மார்ச் 19, புதன்

28.2. 29.3. ஓரா மீன் கூட்டம் நுனியைக் கடித்திருக்கிறது. தெப்பத்து அடிவலையில் கிழிசலைத் தைத்தேன்.

மார்ச் 27, வியாழன்

தண்ணீரில் நிற்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அம்மா" என்றாள்.

இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆயிற்று. என் மகள் ஜெனோவா விரும்பிய பையனோடு போனபின் அவள் பேர் இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர் சந்தியாகு. அவர் சொன்னதை மீறி நான் ஒரு நாளும் நடந்ததில்லை. பரமக்குடிப் பக்கம் இருக்கிறாள், அவன் டிராக்டர் ஓட்டுகிறான் என்பதுவரை ஊராரிடமிருந்து தெரியும்.

"ஆறாம் மாசம் நடக்குதும்மா. ஒனக்குச் சொல்லணும்னு இருந்துச்சு."

நன்றாகச் சாப்பிடு, வெயிலில் அலையாதே என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாலு நிமிடம் பேசினோம். போனிலிருந்து அந்த எண்ணை அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன்னால் இந்த நோட்டின் கடைசித் தாளில் எழுதி வைத்தேன்.

28.8. 29.9. இருளாயி, "யாருக்கா போன்ல?" என்றாள். கேஸ் சிலிண்டர்காரன் என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று முதல் மீன்பிடித் தடை. இரண்டு மாதம் அவர் வீட்டில்தான். விசைப்படகைக் கரையேற்றிவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு தடவை வாசல் வரை போய் வந்தார்.

பாசி தளதளவென்று இருக்கிறது. ஒரு கொத்து என் தலை அளவு. மே முதல் வாரம் அறுக்கலாம். இந்த அறுப்பை நம்பித்தான் இருளாயி மகளை நர்சிங்கில் சேர்க்க இருக்கிறாள். புருஷன் செத்ததிலிருந்து அவளுக்குத் தெப்பம்தான் எல்லாம்.

காலை 29. மதியம் 30.4. காற்று குறைந்துகொண்டே வருகிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர், உயிர்ப்புப் பெருவிழா. அவருக்குப் புதுக் கைலி எடுத்தேன். 29.2. 30.8.

ஏப்ரல் 22, செவ்வாய்

விடிவதற்கு முன்னால் அந்தப் பையன் போனில் பேசினான். பூமிநாதன் அவன் பேர். இதுவரை அவன் குரலைக் கேட்டதில்லை. ஜெனோவாவுக்கு நேற்றே வலி வந்து, இராமநாதபுரத்தில் சேர்த்து, பெண் குழந்தை பிறந்துவிட்டதாம். ஏழு மாதம் நிறையவில்லை. "அத்தை, அவ ஒங்களத்தான் கேக்குறா" என்றான்.

பல் வலி, ராம்நாட்டில் வைத்தியம் பார்க்க வேண்டும், நாலைந்து நாள் வரச் சொல்வார்கள் என்று அவரிடம் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சொன்னேன். "துணைக்கு வரவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஐந்தரைக்கே தண்ணீரில் இறங்கிப் பார்த்தேன். 29.6.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராம் என்றாள் நர்ஸ். தோல் வழியாக நரம்பெல்லாம் தெரிகிறது. ஜெனோவா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். படு ஆத்தா என்றேன்.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று குழுவுக்கு 30.9 என்று போட்டேன். காலையில் பார்த்ததோடு கொஞ்சம் சேர்த்தது. அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 23, புதன்

விடிகாலை 29.8. மதியம் 31 என்று போட்டேன். தெர்மாமீட்டரை இருளாயியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். கொடுத்தால் எதற்கு, எங்கே, எத்தனை நாள் என்று கேட்பாள். அவளிடம் என்னால் பொய் சொல்ல முடியாது.

பஸ் நிறுத்தத்தில் அவளே எதிரில் வந்தாள். "பல்லு எப்புடிக்கா இருக்கு?"

"பரவாயில்லடி."

"நேத்து மத்தியானம் கயிறு ஒண்ணு அந்துருச்சுன்னு எறங்குனேன். தண்ணி சுடுற மாதிரி இருந்துச்சு. மேல ஒரு அசைவு இல்ல."

"முப்பத்தொண்ணுதானே காட்டுது."

"அப்ப சரி. நமக்குத்தான் ஒடம்பு சூடா இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

குழந்தை இன்று பால் நாலு சொட்டு எடுத்தது. கண்ணாடிப் பெட்டியில் பக்கவாட்டில் கை விடுகிற ஓட்டை இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு விடச் சொன்னார்கள். என் வெந்த விரலைப் பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 24, வியாழன்

30. 31.2.

ஜெனோவாவுக்குத் தலை வாரிவிட்டேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன். நான் வந்திருப்பது தெரியுமா என்று கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 25, வெள்ளி

30. 31.

ஏப்ரல் 26, சனி

எழுந்திருக்கவில்லை. அவர் சுக்கு தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

"பல்லப் புடுங்கியாச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றேன்.

"ரொம்ப வலிச்சிருக்கும்போல. மொகமே சரியில்ல" என்று சொல்லி, இன்று சோறு அவரே வடித்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

காலை ஆறரை மணிக்குச் சத்தம் கேட்டு ஓடினேன். இருளாயிதான் முதலில் பார்த்திருக்கிறாள். தெப்பத்தைத் தூக்கினால் கயிறு முழுவதும் வெள்ளை. போன வாரம் வரை செம்பழுப்பாக இருந்த பாசி, வெந்த கோழி எலும்புபோல் ஆகியிருந்தது. தொட்டால் வழுவழுவென்று கையோடு வருகிறது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் எல்லாருடைய தெப்பமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை யாரும் பாசி வேலைக்கு இறங்குவதில்லை. சனிக்கிழமை நுனி வெளுத்திருந்ததைப் பார்த்தவர்கள் மீன் கடி என்று நினைத்திருக்கிறார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் நின்று அழுதார்கள். சிலர் மாரில் அடித்துக்கொண்டார்கள். நானும் அழுதேன். மூன்று நாளாக வராமல் இருந்தது வாய்விட்டு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருளாயி என்னைத் தூக்கி மார்போடு கட்டிக்கொண்டாள். அவளுக்கு என்னைவிட அதிக நஷ்டம். அவள் எனக்குத் தேறுதல் சொன்னாள். "பாசிதானக்கா. போனாப் போகுது. உசுரா போச்சு? அழுவாதக்கா."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குழந்தை இறந்துபோனது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். நான் போகவில்லை. ஐந்து மணி பஸ்ஸுக்கு வீடு திரும்பி, மீன் கழுவி, குழம்பு வைத்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு இறங்கிப் பார்த்தேன். 33.7. தண்ணீர் அசையாமல் கிடந்ததால் தட்டு தரை வரைக்கும் தெரிந்தது.

ஏப்ரல் 30, புதன்

மேடம் வந்தார். தெப்பத்துக் கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். பிறகு போனில் எதையோ பார்த்தார்.

"பக்கத்துக் கரையில செவ்வாய்க்கிழமை முப்பத்திரண்டரை. புதன் முப்பத்து மூணு. அன்னைக்கே தெப்பத்த இறக்கிட்டாங்க. பாதி தேறிருச்சு. இங்க மட்டும் எப்படிக்கா முப்பத்தொண்ணு?"

நான் தெர்மாமீட்டரை நீட்டினேன்.

"மீட்டர் கெட்டிருக்கும். நான் சோதிச்சுப் பார்க்காமக் குடுத்தது என் தப்பு" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அவருக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை.

மே 2, வெள்ளி

கெட்ட மீட்டரைக் கொடுத்துக் கரையையே அழித்துவிட்டார் என்று மேடம்மீது கலெக்டருக்கு மனு எழுதுகிறார்கள். மேடம் நிரந்தர வேலையில் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற வேலை. மனு போனால் அதோடு சரி என்று எல்லாருக்கும் தெரியும்.

கையெழுத்து தெளிவு என்று மனுவை எழுத என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். கண் வலிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எழுதித் தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் மேடம் போனில் பேசினார். "மீட்டர் சரியாத்தான் இருக்கு, அக்கா" என்றார். அவரே வைத்துவிட்டார்.

மே 4, ஞாயிறு

பூசை முடிந்து கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். ஆண்களும் வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரரும் ஓரமாக நின்றார். வெள்ளைத்தாளை என் மடியில் வைத்தார்கள்.

மனு எழுத மாட்டேன் என்றேன். மீட்டர் நல்ல மீட்டர், அந்த நாலு நாள் மதியம் நான் கடலுக்குள் இறங்கவே இல்லை, வாய்க்கு வந்த எண்ணைப் போட்டேன் என்று சொன்னேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. எழுந்து நின்று சொன்னேன்.

"ஏன்?" என்றாள் யாரோ. "பல்லு வலிக்கா இம்புட்டுப் பேரு பொழப்பு?"

"பல் வலி இல்ல. எம்மக ஜெனோவா ராம்நாட்டுல ஆஸ்பத்திரில இருந்தா. ஏழு மாசத்துல புள்ள பொறந்து, நாலு நாள் இருந்து, செத்துப்போச்சு. அங்க இருந்தேன்."

அவர் நின்ற பக்கம் நான் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது அவர் அங்கே இல்லை.

இரண்டு மூன்று பேர் என்னைத் திட்டினார்கள். திட்டியது சரிதான். இருளாயி திட்டவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒங்கிட்ட நான் என்னக்கா கேட்டுருக்கப்போறேன்? மீட்டர எங்கையில குடுத்து 'பாத்துக்கடி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா, நான் எறங்கிப் பாத்துருப்பேனே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு ஒன்னையக் கட்டிப்புடிச்சு, உசுரா போச்சுன்னு கேட்டேன். அப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல. பாசிக்கு அழுகுறன்னு நெனச்சு நான் என்னத்தையோ ஒளறிக்கிட்டு நின்னேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மே 6, செவ்வாய்

அவர் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். தண்ணீர் வேண்டுமென்றால் அவரே எடுத்துக்கொள்கிறார். கரையேற்றிய படகுக்கு அடியில் போய் உட்கார்ந்து, சரியாக இருக்கிற வலையைப் பிரித்துத் திரும்ப முடிகிறார்.

தெர்மாமீட்டரை மேடம் எங்களோடு பாசி வளர்க்கிற அந்தோணியம்மா மருமகளிடம் கொடுத்திருக்கிறார். இன்று மதியம் அவள் தண்ணீரில் நின்று உதடு அசைய அறுபது எண்ணுவதைக் கரையிலிருந்து பார்த்தேன். 33.1 என்று குழுவில் வந்தது.

மே 9, வெள்ளி

இருளாயி வீட்டைப் பூட்டிவிட்டாள். விதைக்குக்கூட ஒரு கொத்து மிஞ்சவில்லை. வெளியிலிருந்து விதைப்பாசி வந்து சேர ஆடி ஆகும் என்கிறார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். இரண்டு கட்டைப் பை, ஒரு சூட்கேஸ். மகள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"இருளாயி" என்றேன்.

"எந்தெப்பத்து மூங்கில் நல்லாருக்கு. கரையில இழுத்துப் போட்டுரு. உப்புல கெடந்தா அழுகிரும்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது.

அவளுக்கு இருபத்தைந்து தெப்பம். எட்டு இழுத்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

பதினேழு ஆயிற்று. தனியாகத்தான் இழுக்கிறேன். மற்றப் பெண்கள் வணக்கத்துக்கு வணக்கம் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இருளாயிக்குப் போன் போட்டேன். மணி அடித்து நின்றது.

மே 15, வியாழன்

இன்று மூங்கில் இழுக்கும்போது மறுமுனை லேசானது. திரும்பிப் பார்த்தால் அவர் பிடித்திருக்கிறார். மிச்ச எட்டையும் இருவரும் கரையேற்றினோம்.

மே 17, சனி

சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் கையை நிறுத்தினார்.

"பேரு வச்சாகளா?"

எதைக் கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. புரிந்ததும் சொன்னேன்.

"நாந்தான் வச்சேன். தாங்காதுன்னு டாக்டர் சொன்னதும் நர்சுகிட்டத் தண்ணி வாங்கி நானே ஞானஸ்நானம் குடுத்தேன். அந்தப் பையன்கிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் குடுத்தேன். ஒங்கம்மா பேரு. சூசையம்மா."

தட்டைப் பார்த்தபடியே இருந்தார். சோறு காய்ந்துபோனது. கழுவிக்கொண்டு எழுந்து போகும்போது சொன்னார்:

"நாளைக்குப் பூசை முடிஞ்சு போவோம்."

மே 18, ஞாயிறு

இரண்டு பஸ் மாறி, ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். ஓட்டு வீடு. ஜெனோவா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைப் பிடித்தபடியே நின்றாள். இளைத்து, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. இவரும் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழப் பையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். பூமிநாதன்தான் உள்ளேயிருந்து வந்து, "வாங்க மாமா" என்று நாற்காலி எடுத்துப் போட்டான். இவர் உட்காரவில்லை.

"எங்க வச்சிருக்கு?" என்றார்.

ஜெனோவா முன்னால் நடந்தாள். கண்மாய்க் கரையை ஒட்டி அவர்களுடைய துண்டு நிலம். ஓரத்தில் கருவேல முள் வெட்டிப் போட்டு மூடியிருந்தது. நாய் தோண்டாமல் இருக்க என்றான் பூமிநாதன். முள்ளை ஒதுக்கினான். இரண்டு சாண் மண். அவ்வளவுதான்.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தினார். கையை மண்ணின்மேல் வைக்கப் போய், எங்கே வைப்பதென்று தெரியாமல் நிறுத்தினார்.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஜெனோவா சொன்னாள்: "ரொம்பச் சின்னப் புள்ளப்பா. ஒங்க கைக்குள்ளேயே அடங்கிரும். எங்க வச்சாலும் அதுமேலதான் இருக்கும்."

அவர் கையை வைத்தார். வெயில் இறங்கும் வரைக்கும் எடுக்கவில்லை.